காய்ச்சலுக்குக் கணக்கு எங்கே?

உப்புக்குக் கணக்கு உண்டு. மரக்காணத்து உப்பளத்தில் வாரிக் குவித்தது எத்தனை மூட்டை, ஏற்றிச் சென்ற வண்டி எத்தனை, கொடுத்த கூலி எவ்வளவு, பிடித்த முன்பணம் எவ்வளவு என்றெழுத ஏடு உண்டு. எழுதக் கணக்குப்பிள்ளையும் உண்டு. அந்த உப்பை வாரிய உடலைத் தாக்கும் காய்ச்சலுக்கு மட்டும் கணக்கு இல்லை! ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

ஐப்பசி அடைமழை பிறந்ததும் உப்பளம் ஓய்கிறது. உழைப்பாளியின் வயிறு ஓய்வதில்லை. நடவுக்குப் போகிறான், களை பறிக்கப் போகிறாள், கழுவெளிக் கரையில் ஆடு மேய்க்கப் போகிறார்கள். உப்பு நீரில் நெடுநேரம் பிழைக்க மாட்டாத எலிக்காய்ச்சல் கிருமி, மழைநீர் தேங்கிய வயலிலும் குட்டையிலும் வாரக்கணக்கில் வாழவல்லது. எலியும் மாடும் கழிக்கும் சிறுநீரால் நீரில் கலந்து, வெடித்த பாதத்தின் வழியே உடலுள் புகுகிறது. கோடையெல்லாம் உப்பு கிழித்த காலுக்கு மாரி தரும் பரிசு இது!

புதர் எலியை அண்டி வாழும் சிற்றுண்ணி கடித்தாலோ உண்ணிக்காய்ச்சல். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கரும்பொருக்கு ஒன்று தோன்றலாம், தேடினால்தான் தெரியும். காலத்தே கண்டால் டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மருந்து உயிர் காக்கும். காணாது விட்டால் நுரையீரலைத் தாக்கி உயிரையே குடிக்கும்.

இந்நிலையில் நடப்பது என்ன? "காற்று, கருப்பு" என்கிறார் பூசாரி. வேப்பிலை, திருநீறு, தாயத்து! "வெறும் காய்ச்சல்" என்கிறார் ஊசி போடுபவர். ஓர் ஊசி, இரண்டு மாத்திரை! முன்னவர் இல்லாத பேய்க்குப் பெயர் வைத்தார்; பின்னவர் இருக்கும் நோய்க்குப் பெயர் வைக்க மறந்தார். இருவரிடமும் இல்லாதது ஒன்றே: ஏடு.

ஏடு இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்பாருக்கு அந்தமான் விடை சொல்லும். அத்தீவுகளில் எலிக்காய்ச்சல் உண்டென்பது 1931-இலேயே ஆய்ந்து எழுதப்பட்ட உண்மை. எழுதினர், பின்னர் மறந்தனர். 1988 முதல் மழைக்காலத்தை அடுத்து ஒரு காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்தது. நுரையீரலில் குருதி கசிந்து மக்கள் மாண்டனர். 'அந்தமான் குருதிக்கசிவுக் காய்ச்சல்' என்று புதுப்பெயர் சூட்டி மருத்துவ உலகம் திகைத்தது. 1993-இல் அது பரவியபோது சோதித்த பின்னரே, பழைய எலிக்காய்ச்சல்தான் என்று தெளிந்தது. அறுபதாண்டுக்கு முன் அறிந்ததை மறந்தவர் ஒருவர். உயிரை விலையாகக் கொடுத்தவர் வேறொருவர்!

கணக்கெடுத்த ஊரின் கதையும் உண்டு. 1957-இல் கருநாடகத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன; அண்டை ஊரார் காய்ச்சலில் வீழ்ந்தனர். அனுமன் சினம் என்று அடங்கியிருந்தால் அழிவே மிஞ்சியிருக்கும். குரங்கின் சாவையும் மனிதனின் காய்ச்சலையும் இணைத்துப் பார்த்தனர். உண்ணி சுமந்த புதிய வைரசு பிடிபட்டது.

ஆகவே தோழர்களே, ஆசிரியராகிய நம் கையில் முன்பே இருக்கும் ஏட்டிலிருந்து தொடங்குவோம். வருகைப் பதிவேட்டில் பிள்ளை வராத நாளுக்கு நேராக ஒரு குறி இடுகிறோம். ஏன் வரவில்லை என்பதைத் தனியேட்டில் எழுதுவோம். காய்ச்சல் எத்தனை நாள்? நாய் கடித்ததா? கடித்த இடத்தைச் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவித் தடுப்பூசிக்கு அனுப்பினார்களா? வீட்டில் ஆடு செத்ததா, கன்று சினை கலைந்ததா? இவற்றைத் தெருவாரியாகத் தொகுத்து, பெயரை விலக்கி, மாதந்தோறும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு ஒரு படியும் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு படியும் கொடுப்போம். மனிதரைப் பார்க்கும் மருத்துவரும் மாட்டைப் பார்க்கும் மருத்துவரும் ஒரே கணக்கைப் படிக்கட்டும்!

ஊருக்கு இழுக்கு என்பர் சிலர். நோயை எழுதுவது இழுக்கன்று. எழுதாமல் புதைப்பதே இழுக்கு. ஓராண்டுக் கணக்கு ஒன்றும் சொல்லாமல் போகலாம். ஐந்தாண்டுக் கணக்கு எந்தத் தெரு, எந்தக் குட்டை, எந்தத் திங்கள் என்று சுட்டும். நோய்பரப்பும் உயிரிகளை ஆராயும் நடுவண் மையம் 1975 முதல் அண்டையிலுள்ள புதுச்சேரியில் இருக்கிறது. அதன் கதவைத் தட்ட வெறுங்கையோடு போகக்கூடாது. கணக்கோடு போக வேண்டும். வரும் ஐப்பசிக்கு முன் ஊருக்கு ஓர் ஏடு திறப்போம்!