ஆயிரம் முழுதாகச் சேர வேண்டும்

மாதந்தோறும் 15-ம் தேதியை ஒட்டி, மீஞ்சூரை அடுத்த அத்திப்பட்டுப் பெண்களின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. மகளிர் உரிமைத் தொகை கணக்கில் வரவாகிவிட்டது என்கிறது அது. வரவான தொகை கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை அது சொல்வதில்லை. கணக்குக்கும் கைக்கும் நடுவில் ஏழைக் குடும்பத்தின் பணம் கரைகிறது. உடனே தடுக்க வேண்டிய கசிவு இது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கும், ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்கும் மிகாத குடும்பங்களைச் சேர்ந்த 1 கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு, மாதம் 1,000 ரூபாய் என்று அப்போது வகுக்கப்பட்டது. வீட்டில் கூலியின்றி உழைக்கும் பெண்ணுக்குச் சேர வேண்டியது என்பதால்தான் அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர். உதவி குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். உரிமையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மாதம் ஆயிரம் என்பது நாளொன்றுக்கு 33 ரூபாய். தொகை சிறிது, அது செய்யும் வேலை சிறிதன்று. ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. குழம்புக்கான புளி, எண்ணெய், காய்ச்சல் மருந்து, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் எல்லாம் காசு கேட்கின்றன. ஒப்பந்த வேலைக்குப் போகும் கணவருக்கு வேலையில்லாத வாரங்களில் மளிகைக் கடையின் பற்று நோட்டு நீள்கிறது. அதைக் குறைப்பது இந்த ஆயிரம்தான். மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா அமைப்பு யுனிசெஃப் ஆதரவுடன் 2011-ல் தொடங்கிய சோதனையும் இதையே காட்டியது. நிபந்தனையின்றிக் கொடுத்த சிறு தொகையை மக்கள் குடியில் அழிக்கவில்லை. உணவுக்கும் படிப்புக்கும் ஆடு மாடுகளுக்கும் செலவிட்டார்கள். ஏழை கையில் காசு கொடுத்தால் வீணாகும் என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. ஆனால், அந்தக் காசு அவர் கையில் இருக்க வேண்டும்.

முதல் கசிவு வங்கியிலேயே தொடங்குகிறது. திட்டம் தொடங்கிய மாதத்திலேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று உரிமைத் தொகையில் அபராதம் பிடித்ததாகப் புகார்கள் எழுந்தன. பொதுத்துறை வங்கிகள் பல 2025-ல் இந்த அபராதத்தைக் கைவிட்டது நல்ல மாற்றம். எல்லா வங்கிகளும் கைவிடவில்லை. பிடித்தங்களும் இதோடு முடியவில்லை. குறுஞ்செய்திக் கட்டணம், அட்டைக் கட்டணம், தவணை திரும்பியதற்கான அபராதம் என்று நிலுவைகள் காத்திருக்கின்றன. கணக்கில் பணம் விழுந்ததும் முதலில் எடுத்துக்கொள்வது அவைதான்.

பிடித்தம் சிறிது என்று தள்ளிவிட முடியாது. ஆயிரத்தில் 20 ரூபாய் போனால் மிஞ்சுவது 980. ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டும் தரும் ஏடிஎம்மில் ஒரு பெண் எடுக்கக்கூடியது 500-தான். மீதி 480 ரூபாய் கணக்கிலேயே முடங்குகிறது. மீஞ்சூர் வரை போய் வரிசையில் நின்றவர் பாதித் தொகையோடு வீடு திரும்புகிறார்.

இரண்டாவது கசிவு வாரத் தவணை. குழுக் கடன் வாங்கிய பெண்ணுக்கு 15-ம் தேதியைவிட வசூல் நாள்தான் முக்கியமாகிவிடுகிறது. ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், அண்டை வீட்டாரின் நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. மாதத் தவணைகள் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-ன் நுண்கடன் விதிகள் சொல்கின்றன. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தண்டிக்கும் சட்டம் தமிழகத்தில் 2025-ல் வந்தது. விதியும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. வசூல் நடக்கும் தெருவுக்கு அவை வந்து சேரவில்லை.

மூன்றாவது கசிவு விலைவாசி. அரசாணையை நம்பி நிற்கும் தொகை, விலைவாசியோடு தானாக உயர்வதில்லை. முதியோர் ஓய்வூதியத்தில் 79 வயது வரையுள்ளோருக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007-ல் 200 ரூபாய். அது உயராமல் அப்படியே நின்றுவிட்டது. உயர்த்துவதற்கு விதி இல்லாத தொகை, ஒருவரும் வெட்டாமலே குறைந்துவிடும்.

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு கசிவும் உண்டு. பறி என்னும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தின் சேற்றுநீரில் இறால் தடவும் பெண்ணுக்கு, ஆறுதான் முதல் வருமானம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அந்த நிவாரணம் ஒரு முறை வந்தது. ஆற்றின் வருமானம் நாள்தோறும் வர வேண்டியது. ஆறு கெட்டால், வாழ்வை ஒரு படி உயர்த்த வந்த ஆயிரம் இழந்ததை ஈடுகட்டவே போய்விடுகிறது. கெட்டுப்போன ஆற்றுக்கு உரிமைத் தொகையை விலையாகக் காட்டக் கூடாது.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம். உரிமைத் தொகை வரும் கணக்குகள் அனைத்தையும் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளாக வங்கிகள் தாமாகவே மாற்ற வேண்டும். அந்தத் தொகையில் எந்தக் கட்டணத்தையும் பிடிக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறை அமைப்பு ஆணையிட வேண்டும். உரிமைத் தொகையை வருமானமாகக் காட்டிக் கடன் கொடுப்பதைத் தடுத்து, வசூல் புகார்களை ஊராட்சி அளவிலேயே பெற்றுத் தீர்க்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். தொகையைச் சட்டமாக்கி, விலைவாசியோடு உயரும் விதியையும் அதில் சேர்ப்பது மாநில அரசின் கடமை. ஆற்றைக் காப்பது மாசுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான அமைப்புகளின் கடமை.

எத்தனை கோடி ரூபாய் அனுப்பினோம் என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாகிறது. எத்தனை ரூபாய் கைக்குச் சேர்ந்தது என்ற கணக்கும் வெளியாக வேண்டும். வங்கியில் பிடித்தது எவ்வளவு, எந்தப் பெயரில் பிடித்தது, திருப்பித் தந்தது எவ்வளவு என்பதை மாவட்டவாரியாகப் பொதுவில் வைக்க வேண்டும். கொடுப்பது ஆயிரம் என்றால், அத்திப்பட்டுப் பெண்ணின் கைக்குச் சேர்வதும் ஆயிரமாக இருக்க வேண்டும். அதில் குறையும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்ட வேண்டியவர் அவரல்லர்.