ஆமைக் குஞ்சுக்கு எந்த வீடு?



நல்லூரிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்கிறார்: "வன்னிக்குப் போன என் தம்பி, பற்றைக்குள் கிடந்த ஓர் ஆமைக் குஞ்சைத் தூக்கிவந்து மகனிடம் கொடுத்துவிட்டான். ஓட்டில் மஞ்சள் நிற நட்சத்திரக் கோலம். பிள்ளை அதை மீன் தொட்டியில் வைத்திருக்கிறான். இதற்கு எப்படி வீடு அமைத்துக் கொடுப்பது?"

முதலில் அதன் காலைப் பாருங்கள். விரல்களுக்கிடையே தோல் இருந்தால் நீராமை. யானைக்கால் போல் தடித்து உருண்டிருந்தால் தரையாமை. நீங்கள் சொல்வது நட்சத்திர ஆமை, அது தரையாமை. அதற்கு நீந்த வராது. 'ஆமைதானே' என்று கிணற்றில் விட்டுவிடாதீர்கள், மூழ்கிச் செத்துப்போகும்.

கண்ணாடித் தொட்டியும் கூடாது. வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். யன்னலோரம் வைத்தாலோ, ஓடு உறுதிப்படத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். அந்தக் கதிரும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் ஓடு மெத்தென்றாகிக் கோணிப்போகும்.

இனி முக்கியமான விடயம். நட்சத்திர ஆமை நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைப் பிடிப்பதும் விற்பதும் அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். கள்ளக் கடத்தல் பெருகியதால் 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய நாடுகள், இதன் சர்வதேச வர்த்தகத்துக்கு ஆகக் கடுமையான தடையை விதித்தன. ஆகவே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உடனே அறிவித்து, குஞ்சை ஒப்படையுங்கள். தண்டனைக்குப் பயந்து வீட்டு வேலிக்கு அப்பால் விட்டுவிடாதீர்கள். நாயும் காகமும் வாகனமும் அதை உயிரோடு விடா.

அதிகாரிகள் வரும்வரை அது உங்களிடமுள்ள அமானிதம். அதுவரைக்கும் ஒரு வீடு இப்படி:

அகலமான பிளாஸ்டிக் பேசினிலோ மரப்பெட்டியிலோ மூன்று விரற்கடை உயரம் மண் பரப்புங்கள். ஒரு மூலையில் காய்ந்த புல்லைக் குவித்து, உடைந்த மண்சட்டியொன்றைக் கவிழ்த்து வையுங்கள். அது ஒளிந்துகொள்ளும் இடம். காலை இளவெயில் ஒரு பாதியில் விழட்டும். மறுபாதி நிழலாக இருக்கட்டும். தண்ணீரை அதன் தாடை மட்டத்துக்கு மேற்படாத தட்டில் வையுங்கள். காகமும் பூனையும் எட்டாதபடி மேலே கம்பிவலை போடுங்கள். எறும்பு ஏறாமலும் பாருங்கள். புல்லும் கீரையும் போதும். சோறு, பாண், பால் வேண்டாம்.

தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் பிள்ளை வாயில் வைக்கக்கூடாது. ஆமைகளிடமிருந்து சல்மொனெல்லா கிருமி தொற்றும். இதனாலேயே 1975இல் அமெரிக்கா, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதைத் தடைசெய்தது.

"இவ்வளவும் செய்தால் வளர்க்கலாம்தானே?" என்று பிள்ளை கேட்பான். இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தக் குஞ்சு, பெண்ணாக இருந்தால் ஓரடிக்கும் மேல் வளரலாம். பல பத்தாண்டுகள் வாழும். பேசின் அத்தனை காலத்துக்கும் வீடாகாது. பற்றைக்காடுதான் அதன் வீடு.

பிள்ளையை ஏசாதீர்கள். ஒப்படைக்கும்போது அவனையும் அழைத்துச் செல்லுங்கள். பெட்டியை அவன் கையாலேயே கொடுக்கட்டும். கொஞ்சம் அழுவான். ஆனால் பிரியம் வைத்த ஒன்றை அதன் நன்மைக்காக விட்டுக்கொடுத்தோம் என்பதை வளர்ந்த பிறகும் மறக்கமாட்டான்.