உள்ளே இருப்பவரைத் தேடி

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது 'ரெஃபரல்' எனப்படும் ஊழியர் பரிந்துரைக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பது, அந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு முழுதாகத் தெரிவதில்லை. ஓர் இடம் காலியானதும் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்; அவர் வேலையில் சேர்ந்து சில மாதங்கள் நிலைத்தால் உங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு என்கிறது. அதே இடத்துக்கான அறிவிப்பு லிங்க்ட்இன்னிலோ நௌக்ரியிலோ வெளியானதும் விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவிகின்றன. மனிதவளப் பிரிவில் இருப்பவர் அத்தனையையும் திறந்து படிப்பது நடக்கிற காரியமல்ல. உள்ளே இருக்கும் ஒருவரின் பெயரோடு வந்த ரெஸ்யூமை முதலில் எடுக்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த ஊழியருக்குத் தெரிந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கூடப் படித்தவர், பழைய அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர், மைத்துனர், அதே அடுக்ககத்தில் குடியிருப்பவர். ஏற்கெனவே வேலை இருக்கும் வீடுகளைச் சுற்றியே வேலைச் செய்தியும் வலம் வருகிறது.

தமிழ்நாட்டுக்கு இது சிறிய விஷயமல்ல. 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வின்படி இங்கே மாணவர் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4 சதவீதம். முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு என்று கல்லூரி வாசல் வரைக்கும் கைபிடித்து அழைத்துவர ஏற்பாடுகள் இருக்கின்றன. நான்கு வருடம் கழித்து அந்தப் பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை தேடி வரும்போது அவருக்குத் துணை யாரும் இல்லை. அப்பா விசைத்தறியில், அம்மா நூறு நாள் வேலையில். சித்தப்பா, மாமா என்று எண்ணிப் பார்த்தால் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் அடையாள அட்டை தொங்கும் கழுத்து உறவுக்குள் ஒன்றுகூட இருக்காது. படிப்பும் மதிப்பெண்ணும் அவரே சம்பாதித்தவை. பரிந்துரை மட்டும் பிறப்போடு வரும் சொத்தாகவே இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பிரவுசரில் இயங்கும் தேடல் கருவிகளை நான் வரவேற்கிறேன். குரோம் போன்ற பிரவுசரோடு சேர்ந்து இயங்கும் எக்ஸ்டென்ஷன்கள் சில, ஒரு வேலை அறிவிப்பைத் திறந்ததும் அந்த நிறுவனத்தில் நம் கல்லூரியில் படித்தவர் யார், நம் நண்பருக்குத் தெரிந்தவர் யார் என்று பக்கத்தின் ஓரத்தில் காட்டுகின்றன. எதையும் நிறுவாமலும் இதைச் செய்யலாம். லிங்க்ட்இன்னில் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு பகுதி உண்டு. அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் என்று பிரித்துக் காட்டும். நிறுவனத்தின் பெயரைத் தொட்டால் அங்கே இருப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். கூகுளிலும் லிங்க்ட்இன் தளத்துக்குள் மட்டும் தேடும்படி கேட்டு, நிறுவனத்தின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் பல பெயர்கள் வந்து விழும்.

தேடுபவர் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. நம் ஊர் இணைப்புக் கல்லூரிகளில் படித்த பலர் தங்கள் சுயவிவரத்தில் கல்லூரியின் பெயரை எழுதாமல் 'அண்ணா பல்கலைக்கழகம்' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். சிலர் சுருக்கப் பெயரை எழுதுகிறார்கள். கல்லூரியின் முழுப்பெயரை மட்டும் வைத்துத் தேடும் மாணவருக்கு அவர்கள் அகப்படுவதில்லை. எங்கள் கல்லூரியிலிருந்து அந்த நிறுவனத்துக்கு யாருமே போகவில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். சுருக்கப் பெயர், ஊர்ப் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயரோடு துறையின் பெயர் என்று மாற்றி மாற்றித் தேடினால் அதே நிறுவனத்தில் நாலு பேர் தென்படக்கூடும்.

முன்பின் தெரியாத சீனியரைத் தேடிப் பிடித்து என்ன பயன் என்று கேட்கலாம். சமூகவியல் இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற நகரில், அண்மையில் வேலை மாறிய தொழில்முறைப் பணியாளர்களிடம் மார்க் கிரானோவெட்டர் ஆய்வு நடத்தினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். வேறு வட்டத்தில் புழங்குபவரிடமிருந்துதான் புதிய செய்தி வரும் என்று 1973இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடிப்படை.

லிங்க்ட்இன் தளத்தில் ஐந்தாண்டுகளில் இரண்டு கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளின் முடிவு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவை ஓரளவு தளர்வான தொடர்புகள் என்று அதுவும் கண்டது. டிஜிட்டல்மயமான துறைகளில் இந்தப் போக்கு இன்னும் வலுவாக இருந்தது. பயனாளர்களுக்குத் தெரியாமலே அவர்களை வைத்து நடத்திய சோதனை என்பதால் அதன் நெறிமுறை குறித்து அப்போதே கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனாலும் கண்டறிந்த உண்மை, உறவுக்குள் ஆள் இல்லாத பட்டதாரிக்கு நம்பிக்கை தருவது. அவருக்கு வேண்டிய தளர்வான தொடர்பு, அதே கல்லூரியில் ஆறு வருடம் முன்பு படித்த ஒருவராக இருக்கலாம். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க முன்பு வழியில்லை, இப்போது இருக்கிறது.

பரிந்துரை முறை தானாகவே நியாயமாக நடந்துகொள்ளாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. கொல்கத்தாவில் லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் என்ற இரு பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு வேலைக்கு ஆள் கொண்டுவந்தாலே பணம் என்றபோது மக்கள் உறவினர்களை அதிகம் அழைத்துவந்தனர். வரும் ஆளின் திறமையைப் பொறுத்துத்தான் பணம் என்று மாற்றியதும் உறவினர்கள் குறைந்து, கூட வேலை செய்தவர்கள் கூடினர். மலாவியில் அவர்களும் சக ஆய்வாளர் ஒருவரும் செய்த இன்னோர் ஆய்வில், தகுதியுள்ள பெண்கள் இருந்தும் ஆண்கள் பெண்களைப் பரிந்துரைப்பது குறைவாகவே இருந்தது. நம் நாட்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. ஒரே தகுதியோடு தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களில் தலித், முஸ்லிம் பெயர்கள் இருந்தவற்றுக்கு அழைப்பு குறைவாக வந்தது. நேரே விண்ணப்பித்தாலும் பெயர் குறுக்கே நிற்கிறது. பரிந்துரைக்குப் போனாலும் உறவு குறுக்கே நிற்கிறது. இந்த நிலையில், உறவல்லாத ஒருவரை எட்டிப்பிடிக்க உதவும் எந்தக் கருவியையும் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட என்னால் முடியாது.

கருவி ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதோடு நிற்க வேண்டும். ஆளுக்குக் கடிதமும் அதுவே எழுதி, நூறு பேருக்கு அதுவே அனுப்பும் அளவுக்குப் போகும்போது கெடுதல் தொடங்குகிறது. அப்படி அனுப்பும் எக்ஸ்டென்ஷன்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. மென்பொருள் துறையில் இருக்கும் எவரிடமும் அவர் இன்பாக்ஸைக் காட்டச் சொல்லுங்கள். 'வணக்கம் சார், உங்கள் நிறுவனத்தில் ஏதாவது வேலை இருந்தால் ரெஃபரல் தர முடியுமா? ரெஸ்யூம் இணைத்துள்ளேன்' என்ற ஒரே வாசகம் வேறு வேறு பெயர்களில் வரிசையாக நிற்கும். முதல் பத்துக்குப் பதில் எழுதியவர்கூடப் பிறகு நிறுத்திவிடுகிறார். அடுத்து உண்மையிலேயே தகுதியோடு வருபவரின் கடிதமும் அந்தக் குவியலில் புதைந்துபோகிறது. இந்தக் கருவிகள் ஒருவருக்கு மிச்சப்படுத்தும் நேரம், மற்ற எல்லோருக்கும் கதவு சாத்தப்படுவதில் போய் முடிகிறது.

பரிந்துரைப்பவர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எப்படிக் கேட்பது என்பதும் விளங்கும். நிறுவனத்தின் உள்தளத்தில் அவர் விண்ணப்பதாரரின் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், வேலையின் எண் ஆகியவற்றை நிரப்பி ரெஸ்யூமை ஏற்றுகிறார். 'இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு கேள்வி பல இடங்களில் உண்டு. உடன் பணியாற்றியவர், உடன் படித்தவர், உறவினர், நேரடிப் பழக்கமில்லை என்று அதற்கு விடைகள் இருக்கும். அதில் ஒன்றைத் தொட்டுத் தன் பெயரில் சமர்ப்பிக்கிறார். ஆகவே அவருக்கு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்: 'அக்கா, நம் கல்லூரியில் நான் சென்ற ஆண்டு ஈசிஇ முடித்தேன். உங்கள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இந்த எண்ணுள்ள வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். செலினியம் கொண்டு நான் செய்த புராஜெக்ட் கிட்ஹப்பில் இருக்கிறது. அந்தக் குழு எதிர்பார்ப்பது இதுதானா என்று மட்டும் சொல்ல முடியுமா? நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.' கடைசி வாக்கியம் முக்கியம். பல நிறுவனங்களில், ஒருவர் முன்பே நேரடியாக விண்ணப்பித்திருந்தால் அதன் பிறகு வரும் பரிந்துரையைக் கணினி ஏற்பதில்லை. அவசரப்பட்டு விண்ணப்பித்துவிட்டுப் பிறகு ஆள் தேடுகிறவர்கள் இந்த விதி தெரியாமலே வாய்ப்பை இழக்கிறார்கள்.

எக்ஸ்டென்ஷன்களை நிறுவுமுன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இவற்றில் பல, நாம் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. வேலை தேடும் அவசரத்தில் அதைப் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறோம். அதே பிரவுசரில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது. 2019இல் எட்டு எக்ஸ்டென்ஷன்கள் சுமார் 40 லட்சம் பேரின் இணைய நடமாட்டத்தைச் சேகரித்து வெளியே கொடுத்தது அம்பலமானது. 2024 டிசம்பரில், தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட சைபர்ஹேவன் நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனுக்குள் ஊடுருவல்காரர்கள் தீய நிரலைப் புகுத்தினர். அதன் ஊழியர் ஒருவரை ஏமாற்றி அதற்கான அனுமதியைப் பெற்றிருந்தனர். பாதுகாப்பு நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், யார் செய்தது என்றே தெரியாத இலவசக் கருவியை நம்பி லாகின் விவரத்தை ஒப்படைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

லிங்க்ட்இன்னின் விதிகள் தகவலைச் சுரண்டி எடுக்கும் கருவிகளையும், தானாகச் செய்தி அனுப்பும் கருவிகளையும் தடை செய்கின்றன. மீறினால் கணக்கு முடக்கப்படலாம். வேலை தேடும் நேரத்தில் அந்தக் கணக்கு முடங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிறரின் கைபேசி எண்ணையும் தனிப்பட்ட மின்னஞ்சலையும் எங்கிருந்தோ திரட்டித் தரும் கருவிகளை அறவே தவிர்க்க வேண்டும். ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்களிக்கிறது. அவர் வெளியிடாத எண்ணுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அப்படிப் பெற்ற எண்ணில் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தால் யாரும் பரிந்துரைக்கப் போவதும் இல்லை. பணம் கட்டினால் ரெஃபரல் வாங்கித் தருகிறோம் என்று டெலிகிராம் குழுக்களில் வருபவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இத்தனையையும் ஒரு 22 வயதுப் பிள்ளை தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. பெரிய கல்லூரிகள் முன்னாள் மாணவர் சங்கம் நடத்துகின்றன, ஆண்டுதோறும் கூட்டம் போடுகின்றன. மாவட்டங்களில் இருக்கும் பெரும்பாலான கல்லூரிகளில் படிப்பை முடித்துப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்குப் பதிவேடே இல்லை. வளாக நேர்காணலுக்கு எத்தனை நிறுவனங்கள் வந்தன என்று பேனர் வைக்கும் வேலைவாய்ப்புப் பிரிவு, கடந்த பத்தாண்டுகளில் படித்தவர்களின் பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு தயாரித்து இறுதியாண்டு மாணவர்கள் கையில் கொடுத்தால், எக்ஸ்டென்ஷனே தேவைப்படாது. திறன் பயிற்சிக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில், பாதுகாப்பாக ஆள் தேடுவதும் முறையாகக் கேட்பதும் ஒரு பாடமாகச் சேர வேண்டும்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஊக்கத்தொகையை ஆள் சேர்ந்த கணக்கில் மட்டும் கொடுக்காமல், அவர் வேலை செய்யும் விதத்தையும் பார்த்துக் கொடுக்க வேண்டும்; கொல்கத்தா ஆய்வு காட்டும் பாடம் அதுவே. நேரடியாக வரும் விண்ணப்பங்களுக்கு ஒரு பங்கு இடத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். பழக்கமில்லாத ஒருவரை அவர் செய்த வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்கும் ஊழியரை நிறுவனம் சந்தேகக் கண்ணோடு பார்க்கக் கூடாது.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சுயவிவரத்தைத் திறந்து, நீங்கள் படித்த கல்லூரியின் பெயரை முழுதாக, ஊரோடு சேர்த்து எழுதி வையுங்கள். உங்கள் ஊரிலிருந்து அடுத்து வருபவர் தேடும்போது அந்தப் பெயரைத்தான் தேடுவார்.