வாலைப் பிடிக்கும் கை

சீறிக் கொத்த வரும் வளர்ப்புப் பாம்பிடம் பயம் தெளிவது எப்படி என்று வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது; நல்லதுதான். ஆனால் காரைக்கால் பட்டினச்சேரிக் கரையில் வலை உதறும்போது பாருங்கள்: மீன்களுக்கு நடுவே துடுப்புபோல் வால் தட்டையான கடல்பாம்பு நெளியும், நம் ஆட்கள் பேச்சை நிறுத்தாமலே வாலைப் பிடித்து வீசுவார்கள். இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதன் கடி பெரும்பாலும் வலிக்காது, விஷமோ தசையைத் தின்னும்; நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நான்கு தரைப் பாம்புகளுக்கானது. நிதானத்தைப் பார்க்க இருளர் பழங்குடியினரிடம்தான் போக வேண்டும். 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் மூலம் வடநெம்மேலியில் விஷம் எடுப்பவர்கள் அவர்கள். 2023-இல் அவர்களில் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைப் பிடிக்கும்போது அவர்கள் எடுத்த எடுப்பில் கழுத்தை நெரிப்பதில்லை. வால் கையில், உடம்பு குச்சியில், ஆள் தள்ளி நிற்பார். மிரண்ட நாகம் பல நேரம் வாயை மூடிக்கொண்டு முட்டி மிரட்டுவதோடு சரி. அதற்கெல்லாம் அவர் கை வெடுக்கென்று பின்வாங்காது. மீன்வளத் துறை இருளர் ஒருவரை ஒருநாள் காரைக்காலுக்கு அழைத்து வந்து நம் இளவட்டங்களுக்குக் காட்டச் சொல்லலாம். ஒரு வேன் வாடகைதானே செலவு?