பொட்டை அழித்த போஸ்டருக்கு நான் லைக் போட மாட்டேன்

பிள்ளைகளே, சொந்தங்களே,

மூன்று நாளாக ஒரே டிரெய்லரை ஆளாளுக்கு என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "டீச்சர், நம்ம பழவேற்காடு! பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. நான்கு போஸ்டர்களையும், இன்ஸ்டாகிராமுக்கு வெட்டிப் போட்ட துண்டுகளையும் பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தையில் அடங்காது. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

எடுத்தவர்கள் சென்னையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படிக்கும் பிள்ளைகள். கல்லூரிப் பெயரையும் படத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளின் பக்கத்துக்குப் போய்த் திட்டுவீர்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. இது இந்த ஒரு டிரெய்லரின் குறையும் இல்லை. நம் ஏரிக்குக் கேமராவோடு வருகிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள். அதற்கு அவர்களின் கல்லூரிகள் மதிப்பெண்ணும் போடுகின்றன. என் சண்டை அந்த மதிப்பெண்ணோடுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மையை எடுக்கும் முன் சரியான பதிலுக்கு டிக் போடுவது என் பழக்கம், உங்களுக்கே தெரியும். ஒலிப்பதிவு அருமை. இன்ஜின் நின்றதும் தண்ணீர் மட்டும் படகில் மோதுகிற சத்தத்தை அப்படியே பிடித்திருக்கிறார்கள். வலை பின்னும் விரல்களை நெருக்கமாகக் காட்டிய இடத்தில் அவசரப்படவில்லை. வெட்டி ஒட்டியதிலும் குறை சொல்ல முடியாது. கை தேர்ந்த பிள்ளைகள்தான். அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது. ஒன்றும் தெரியாதவன் தப்பாக எழுதினால் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தவன் கேள்வியையே படிக்காமல் பக்கம் பக்கமாக எழுதினால் என்ன செய்வது?

இனி குறைகளுக்கு வருகிறேன்.

போஸ்டரில் இருக்கிற அந்த முகத்தை உங்களில் பலர் அடையாளம் கண்டிருப்பீர்கள். நம்மில் ஒருவனின் அம்மா. ஏல இடத்தில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம். "ஒரு போட்டோ எடுத்துக்கிறோம் பாட்டி" என்றார்களாம், அவரும் சிரித்திருக்கிறார். போஸ்டரில் அந்தச் சிரிப்பு இல்லை. இன்னொரு நேரத்தில் எடுத்த, எங்கோ பார்க்கிற முகம். நிறத்தை உறிஞ்சிக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டார்கள். அதோடு நிற்காமல் நெற்றிப் பொட்டைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். கீழே, கடல் கொண்டுபோன கணவனுக்காகக் காத்திருப்பவள் என்று பொருள்படும் ஒரு வரி. அவருடைய வீட்டுக்காரர் உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு, இன்றைக்கும் காலையில் வலைக்குப் போய் வந்தார்.

"பொட்டை அழிச்சிட்டாங்களே டீச்சர்" என்று அந்தம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. பொட்டு வைப்பதும் வைக்காததும் புருஷன் இருப்பதைப் பொறுத்தது என்பதை நான் ஏற்பவள் இல்லை, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அது அவர் முகம், அவர் நெற்றி. அதில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். போட்டோ எடுக்கச் சம்மதித்தது கைம்பெண் வேஷத்துக்கும் சம்மதித்ததாக ஆகிவிடுமா? ஒரு நடிகை முகத்தில் இப்படிக் கை வைத்திருந்தால் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும். நண்டு விற்கிற அம்மா என்ன செய்துவிடுவார் என்கிற தைரியம்தானே இது?

அடுத்தது "பாடு". டிரெய்லரில் ஒரு கிழவர் "பாடு" என்று சொல்கிறார், அடுத்த நொடி இருட்டில் அரிவாள், ரத்தம், மேளம். வெளியூரில் வளரும் நம் பேரப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பாடு என்பது சண்டை இல்லை, சண்டை வராமல் இருக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மீனும் இறாலும் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்து, குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து, பொதுச் சொத்தைச் சேர்ந்து காப்பாற்றுவதற்கு உதாரணமாக இதை எழுதிவிட்டுப் போகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது அரிவாளாகத் தெரிகிறது.

பாட்டில் குறையே இல்லையா? இருக்கிறது. பாட்டுக்குள் இடம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள், பெண்களுக்குப் பங்கு இல்லை, கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் குடும்பங்களுக்கும் இல்லை. தகராறுகளும் நடந்திருக்கின்றன. அதைக் கேட்டுப் படம் எடுத்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வந்தாலும் தட்டுவேன். அதற்கு ஊரில் பத்து நாள் உட்கார்ந்து பேச வேண்டும். அரிவாளை வாடகைக்கு எடுக்க அரை நாள் போதும்.

பெண்களைக் காட்டிய விதத்தையும் சொல்லியாக வேண்டும். டிரெய்லரில் வருகிற பெண்கள் எல்லாரும் கரையில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். ஒருத்தி கூட வேலை செய்யவில்லை! 1965இல் "செம்மீன்" வந்தது, ஜனாதிபதியின் தங்கப் பதக்கமும் வாங்கியது. கரையில் இருக்கிற மனைவியின் கற்புதான் கடலுக்குப் போனவனைக் காக்கும் என்ற நம்பிக்கையை வைத்து எடுத்த படம். அது பெரிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மீனவப் பெண் என்றாலே கரையில் நிற்க வைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் மீனைப் பிரிப்பது, ஏலம் எடுப்பது, கருவாடு போடுவது, கூடை தூக்கிப் போய் விற்பது, கடன் வாங்கி அடைப்பது எல்லாம் யார்? நிற்க நேரம் எங்கே இருக்கிறது?

பறவைக் காட்சி பற்றி எல்லாரும் சிலாகித்திருந்தீர்கள். டிரோன் கீழே இறங்குகிறது, நூற்றுக்கணக்கில் பூநாரைகள் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. அழகுதான். ஆனால் அவை அழகுக்காக எழும்பவில்லை, பயந்து எழும்புகின்றன. அத்தனை தூரம் பறந்து இங்கே வருவது சேற்றில் மேய. இது பறவைகள் சரணாலயம். பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். 2021இல் வந்த டிரோன் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, எங்கே யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்கின்றன. அந்த வரைபடத்தைப் பார்த்தார்களா, வனத்துறையிடம் கேட்டார்களா என்று மதிப்பெண் போட்ட பேராசிரியர் ஒரு கேள்வியாவது கேட்டாரா?

இன்னொரு போஸ்டரில் காதல் ஜோடி படகு முனையில் நிற்கிறது, இருவருக்கும் உயிர்காப்பு உடை இல்லை. "வாங்க, பழவேற்காட்டுக்கு" என்று அழைப்பு வேறு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. உடல்களைத் தூக்கி வந்தவர்கள் நம் ஊர் ஆட்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்த ஏரியில் எடுத்த போஸ்டர் இது.

எல்லாவற்றையும் விட என்னைத் தூங்கவிடாதது நடுவில் வருகிற எழுத்து. இறந்துபோன ஏரி, ஆளில்லாத கரை என்று வருகிறது. காட்டியிருப்பது காலித் தெரு. நான் பார்த்ததும் சொல்லிவிட்டேன், அது பகல் வெயிலில் எடுத்தது. ஆண்கள் வலையிலிருந்து வந்து தூங்குகிற நேரம், பெண்கள் சந்தைக்குப் போன நேரம், பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரம். அந்த நேரத்தில் எந்த ஊர்த் தெருவில் ஆள் இருக்கும்?

இது வெறும் சினிமா இல்லை, பிள்ளைகளே. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் இருக்கிறது. அதை எதிர்த்து நம் ஊர்கள் மனு கொடுத்தும் மறியல் செய்தும் வருகின்றன. முகத்துவாரத்தில் மண் மூடாமல் இருக்க வழி செய்யுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்கிறோம். இந்த இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். இங்கே ஜனங்கள் இருக்கிறார்கள், ஏரி உயிரோடு இருக்கிறது, அது எங்களுக்குச் சோறு போடுகிறது என்பதுதான். ஏரி செத்துவிட்டது, ஊர் காலி என்று அழகான இசையோடு சொன்னால் அது யாருக்கு வசதி? செத்துப்போன ஏரிக்கு முகத்துவாரம் எதற்கு, ஆளில்லாத கரையில் துறைமுகம் வந்தால் யாருக்கு நஷ்டம் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி எண்ணம் இருந்திருக்காது. எண்ணம் இல்லாமல் செய்தாலும் பலன் ஒன்றுதான்.

"டிரெய்லர்தானே டீச்சர், அதில் எல்லாம் சத்தியம் பார்ப்பார்களா" என்று சட்டம் படித்த மாணவன் ஒருவன் கேட்டான். அவன் சொல்வதில் சட்டம் இருக்கிறது. 2016இல் "ஃபேன்" என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை. அவுரங்காபாத்தில் ஒரு பள்ளி ஆசிரியை, பிள்ளைகளை அழைத்துப் போய் ஏமாந்தவர், நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாநில ஆணையம் 10,000 ரூபாய் நஷ்டஈடும் 5,000 ரூபாய் செலவும் கொடுக்கச் சொன்னது. 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டிரெய்லர் என்பது வாக்குறுதி ஆகாது, ஆர்வத்தைத் தூண்டுகிற விளம்பரம் மட்டுமே என்பது தீர்ப்பின் சாரம்.

சரி. ஆனால் அந்த வழக்கு டிக்கெட் வாங்கியவருக்கும் படக் கம்பெனிக்கும் இடையில் நடந்தது. நாம் டிக்கெட் வாங்கியவர்கள் இல்லை, படத்துக்குள் இருப்பவர்கள். பாட்டு வராததும் பொட்டு அழிவதும் ஒன்றாகுமா? தண்டனை இல்லை என்பதற்காகத் தப்பான விடைக்கு எந்த ஆசிரியராவது மதிப்பெண் போடுவாரா?

"சின்னப் பசங்க, உற்சாகப்படுத்துங்க அத்தை" என்கிறான் என் அண்ணன் மகன். 1986இல் "ஊமை விழிகள்" எடுத்தவர்கள் திரைப்படக் கல்லூரி மாணவர்கள்தான். தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. 2024இல் புனே திரைப்படக் கல்லூரி மாணவர் சிதானந்த நாயக் ஒரு கன்னட நாட்டுப்புறக் கதையைக் குறும்படமாக எடுத்து, கான் விழாவின் மாணவர் பிரிவில் முதல் பரிசு வாங்கினார். மாணவர்கள் என்றால் குறைவாகத்தான் எதிர்பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? தப்பைத் தப்பு என்று சொல்வதும் மரியாதைதான். உங்கள் நோட்டில் நான் சிவப்பு மை போட்டது உங்களைப் பிடிக்காமல் இல்லை.

"ஊர் பேர் வெளியே தெரியுதே" என்பவர்களுக்கு ஒரே கேள்வி. என்ன பேர்? டச்சுக்காரன் வந்து 1613இல் கோட்டை கட்டியதிலிருந்து இந்த ஊர் பேர் உலகத்துக்குத் தெரியும். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அரிவாளும் ஒப்பாரியும் வந்துதான் நமக்குப் பேர் வர வேண்டுமா?

கடைசியாக, நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகளுக்கு: அந்தம்மாவின் முகம் உள்ள போஸ்டரை எடுத்துவிடுங்கள். நேரில் வந்து அவரிடம் பேசுங்கள், அவர் சரி என்றால் சிரிக்கிற படத்தைப் போடுங்கள். "உண்மைச் சம்பவம்" என்ற வரியையும் இறந்த ஏரி என்ற எழுத்தையும் நீக்குங்கள். படம் முடிந்ததும் முதல் காட்சியை எந்த விழாவுக்கும் முன்னால் குப்பத்தில் திரை கட்டிப் போடுங்கள். தங்க இடமும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு: ஒளிக்கும் ஒலிக்கும் போஸ்டர் எழுத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் வைத்திருப்பீர்கள். படத்தில் இருக்கிறவர்களைக் கேட்டீர்களா, அவர்களிடம் காட்டினீர்களா என்பதற்கும் வையுங்கள். அதில் பூஜ்யம் வாங்கியவர் மற்றதில் எத்தனை வாங்கினாலும் தேறக் கூடாது.

உங்களுக்கு: போஸ்டர் மாறும் வரை பகிராதீர்கள். பகிர்ந்திருந்தால் அழித்துவிடுங்கள். திட்டிக் கருத்துப் போடாதீர்கள், அதுவும் அவர்களுக்கு விளம்பரம்தான். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் வேலை செய்கிற என் மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள். அந்தப் பிள்ளைகளில் யாரையாவது தெரிந்தால் என் நம்பரைக் கொடுங்கள். சண்டை போட மாட்டேன். பாடு எப்படிப் பிரிக்கிறார்கள் என்று காட்ட ஒரு நாள் விடியற்காலையில் கூட்டிப் போகிறேன்.