கனமாக இருந்தால் நகராதா?

சென்ற வாரம் எங்கள் களமருதூரில் சொந்தக்காரப் பையன் ஒருவன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். நானும் போயிருந்தேன். மொட்டை மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். தூணுக்கு என்ன கம்பி, கலவை என்ன என்று எல்லாம் சொன்னான். "பூகம்பமே வந்தாலும் அசையாது மாமா" என்றான். மாடிப்படிக் கூரைக்கு மேலே நாலு வரிசை செங்கல் அடுக்கி, அதன்மேல் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி உட்கார்ந்திருந்தது. "அதை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டேன். "தண்ணியோட அதுவே ஒரு டன் மாமா, அது எங்கே போகப்போகுது?" என்றான்.

இந்தப் பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கோபத்துக்குக் காரணம், இதே பதிலை நானே ஒரு தடவை அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். ஆகையால் இந்தக் கட்டுரையில் திட்டு வாங்கப்போகிறவர்களில் முதல் ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கட்டிடத்துக்கு மின்சார வேலை எஸ்டிமேட் ஒன்று என் மேசைக்கு வந்தது. பேட்டரி ஸ்டாண்டுகளையும் பேனல்களையும் தரையிலும் சுவரிலும் போல்ட்டு போட்டு முடுக்குவதற்குத் தனியாக ஓர் ஐட்டம் இருந்தது. "சாதனங்கள் இயல்பிலேயே கனமானவை, இந்த இனம் தவிர்க்கத் தக்கது" என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அரசாங்கப் பணத்தை மிச்சம் பிடித்தோம் என்று அன்று எனக்கு ஒரே பெருமை.

2001 செப்டம்பர் 25. இரவு எட்டரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் புதுச்சேரி ஆடியது. கடலுக்குள் மையம், ரிக்டர் கணக்கில் ஐந்தரை அளவு. சென்னை வரைக்கும் ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அன்று வெளியே நின்றவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். மறுநாள் காலையில் அலுவலகம் போனால், பேட்டரி அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியன் நிற்கிறார். ஸ்டாண்டு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. மேல்தட்டிலிருந்து ஒரு பேட்டரி விழுந்து உடைந்து, அமிலம் தரையில் பரவியிருந்தது. இரவு நேரம், உள்ளே யாரும் இல்லை. "ரெண்டு போல்ட்டு போட்டிருந்தா நின்னிருக்கும் சார்" என்றார் அவர். அந்த ஐட்டத்தை அடித்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது பள்ளிக்கூடம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் ஃபிஸீக் வாத்தியார், 'மெஸ்யே' என்றுதான் கூப்பிடுவோம், மேசைப் பலகை மேல் இரண்டு தீப்பெட்டிகளை வைப்பார். ஒன்றைப் படுக்க வைப்பார், மற்றதை நிமிர்த்தி வைப்பார். பலகையை வெடுக்கென்று இழுப்பார். படுத்த பெட்டி வழுக்கும், நின்ற பெட்டி விழும். பிறகு இரண்டிலும் குச்சிகளுக்குப் பதில் ஈயக் குண்டு நிரப்பித் திரும்பவும் இழுப்பார். அப்போதும் அதேதான் நடக்கும். "சாந்த்ர் தெ க்ராவிதே" என்று கரும்பலகையில் எழுதுவார். நாங்களும் எழுதிக்கொண்டோம், பரீட்சையில் மார்க்கும் வாங்கினோம். நோட்டுப் புத்தகத்தில் இருந்த அந்தப் பாடம் நோட்டு ஷீட்டுக்கு வரவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். ஒல்லியானவர் மட்டுமா முன்னால் சரிகிறார்? குண்டானவரும் சரிகிறார், அவரைத் தாங்கிப் பிடிக்கத்தான் நாலு பேர் வேண்டும். நிலநடுக்கமும் அப்படித்தான். கனம் கூடினால் தரையைப் பற்றும் உராய்வு கூடும், உண்மை. ஆனால் பக்கவாட்டில் தள்ளுகிற விசையும் அதே விகிதத்தில் கூடிவிடும். ஆகக் கனத்தினால் ஒரு லாபமும் இல்லை. நகர ஆரம்பித்த பிறகு கனம்தான் எமன்.

உயரமான சாமான் நகர்வதற்கு முன்பே கவிழும். ஆறடி உயரம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோ அல்லது மின் பேனலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாரம் சமமாக இருந்தால், அதன் எடையில் கால் பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினாலே கவிழ ஆரம்பிக்கும். மேல் தட்டில் பாரத்தை ஏற்றினால் அதுகூட வேண்டாம். இன்னொன்று, மாடி ஏற ஏற ஆட்டம் கூடும். உச்சியில் தரையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வைத்துப் பொறியாளர்கள் கணக்குப் போடுவதுண்டு. நாமோ தொட்டி, ஏ.சி. யூனிட், சோலார் பலகை எல்லாவற்றையும் அந்த உச்சியில்தான் கொண்டுபோய் வைக்கிறோம்.

"கட்டிடம் நின்றால் போதாதா?" என்பார்கள். போதாது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆலிவ் வியூ என்று ஓர் ஆஸ்பத்திரி. 1971 நிலநடுக்கத்தில் அப்போது புத்தம் புதிதாக இருந்த கட்டிடம் நொறுங்கியது. திரும்ப யானை பலத்தில் கட்டினார்கள். 1994 ஜனவரியில் மறுபடி நிலநடுக்கம். கட்டிடம் அசையாமல் நின்றது. ஆனால் தலைக்கு மேல் ஓடிய தண்ணீர்க் குழாய்கள் உடைந்து உள்ளே வெள்ளம். நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஊரே அடிபட்டு ஆஸ்பத்திரியைத் தேடி வருகிற நாளில் ஆஸ்பத்திரி தன் நோயாளிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

நம் நாட்டுக் கதை 2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலை. புஜ் நகரத்து அரசு ஆஸ்பத்திரியே இடிந்தது. குஜராத்தின் துணை மின் நிலையங்களில் தண்டவாளத்தின் மேல் சக்கரத்தோடு, எதிலும் கட்டாமல் நின்ற டிரான்ஸ்பார்மர்கள் இடம் பெயர்ந்தன. பல டன் கனம் உள்ளவை அவை! பிறகு புஜ்ஜில் புது ஆஸ்பத்திரியை ரப்பர் தாங்கிகள் மேல் கட்டினார்கள். அப்படிக் கட்டினால் உள்ளே போகிற தண்ணீர், ஆக்ஸிஜன் குழாய்களும் வளைந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டிடம் தப்பிக்கும், குழாய் அறுந்துவிடும்.

"அதெல்லாம் குஜராத்தில். நம் பக்கம் எங்கே வரும்?" இது அடுத்த வாதம். 1993-ல் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி ஜனங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அன்றைய நில அதிர்வு வரைபடத்தில் அது மிகக் குறைந்த ஆபத்துள்ள பகுதி. ஒரே விடியற்காலையில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நம் பக்கம் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் ஆடியது. 2002-ல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். கல்வராயன் மலை கல்லாக நிற்கிறது, அதனால் நமக்கு ஒன்றும் வராது என்று பேசுகிறவர்கள், கில்லாரியும் தக்காணத்துப் பாறை மேல்தான் இருந்தது என்பதை நினைக்க வேண்டும்.

சரி, பூகம்பமே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்ததே! பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் சாய்ந்த அந்த இரவில், காலியாக இருந்த எத்தனை மொட்டை மாடித் தொட்டிகள் தெருவில் உருண்டன? கட்டி வைத்த தொட்டி இரண்டுக்கும் நிற்கும்.

செலவு என்ற வாதத்தை நான் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதில் சத்தே இல்லை. ஒரு ஜெனரேட்டர் விலைக்கு முன்னால் அதன் நாலு போல்ட்டின் விலை சில்லறை. ஆனால் எஸ்டிமேட்டில் அடிப்பதற்கு அதுதான் வசதி. ஜெனரேட்டரை அடித்தால் திறப்பு விழாவில் தெரிந்துவிடும். போல்ட்டு இல்லாதது அடுத்த நிலநடுக்கம் வரை யாருக்கும் தெரியாது. அதற்குள் அடித்தவர் ஓய்வு பெற்று, என்னைப் போல வீட்டுத் திண்ணையில் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்.

வழி தெரியாமலும் இல்லை. 1893 என்ற எண்ணுள்ள இந்தியத் தரநிலை முதலில் 1962-லேயே வந்தது. கட்டிடத்துக்குள் இருக்கும் சாமான்களைக் காப்பதற்கென்றே குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2012-ல் ஒரு நூல் வெளியிட்டது. எனக்குப் புரிந்த அளவில் சாரம் இதுதான்:

போல்ட்டு கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். பூச்சிலோ செங்கல்லிலோ அடித்தால் கண்துடைப்பு. கான்கிரீட் ஓரத்தை ஒட்டியும் போடக்கூடாது, ஓரம் பிய்த்துக்கொண்டு வரும். உயரமான பேனலுக்கும் பீரோவுக்கும் அடியில் மட்டும் போதாது, தலையிலும் சுவரோடு ஒரு பிடி வேண்டும். அதிர்வு தெரியாமல் இருக்க ஸ்பிரிங் மேல் வைத்த ஜெனரேட்டருக்கு நாலு பக்கமும் தடுப்புக் கட்டை வேண்டும், இல்லாவிட்டால் அது குதித்து இறங்கிவிடும். டீசல் குழாய் ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சங்கிலி. பேட்டரி ஸ்டாண்டுக்கு விளிம்பில் தடுப்புக் கம்பி.

இதில் எது ராக்கெட் வித்தை? எங்கள் ஊர் வெல்டரிடம் சொன்னால் ஒரு நாளில் முடிப்பார். என்ன பருமன், எத்தனை போல்ட்டு என்பதை மட்டும் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் பெரிய சாதனம் எதற்கும் பில் பாஸ் செய்யக்கூடாது என்று ஓர் உத்தரவு போட்டால், கணக்குப் பிரிவில் இன்று உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் நான் செய்த தவறைச் செய்ய முடியாது. நான் கேட்பது இவ்வளவுதான்.

உத்தரவு வரும்போது வரட்டும். நாளைக் காலையில் நீங்கள் உங்கள் மாடிக்கு ஏறித் தொட்டியைப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் படுக்கிற அறையில் பீரோ எங்கே நிற்கிறது, அதன்மேல் என்ன ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். அந்தப் பையன் நேற்று போன் பண்ணினான். "வெல்டர் வந்திருக்கார் மாமா, தொட்டிக்கு எத்தனை இடத்தில் கட்டணும்னு கேக்கறார்" என்றான். வீடு கட்டிக் கொடுத்த பொறியாளரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.