தானம் தந்த மாட்டுக்குக் கொட்டில் எங்கே?



நம் பள்ளிக்கு உதவி செய்ய ஒரு அறக்கட்டளை முன்வந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பிரேயர் முடிந்ததும் இப்போ எல்லா வகுப்பிலும் இதே பேச்சுதான். ஸ்மார்ட் போர்டு கேட்கலாம் என்று சிலர், வாசலில் வளைவு கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. முதலில் மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் கேட்க வேண்டும். அதைப் பராமரிக்கிற செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று பெரியவங்க சொல்லுவாங்க. சரிதான், சும்மா கொடுக்கிறவங்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் மாட்டைக் கட்டக் கொட்டில் வேண்டாமா? போட வைக்கோல் வேண்டாமா? அது இல்லாமல் ஓட்டிட்டு வந்தால் மாட்டுக்கும் கஷ்டம், வீட்டுக்கும் கஷ்டம்.

நம் பள்ளியில் இருக்கிற குடிநீர் மெஷினையே பாருங்கள். நன்கொடையாக வந்ததுதான். வந்த அன்றைக்கு நாம் எல்லோரும் கை தட்டினோம். ஒரு வருஷம் நல்ல தண்ணீர் குடித்தோம். அப்புறம் ஃபில்டர் மாற்ற வேண்டி வந்தது. அதற்குப் பணம் யார் கொடுப்பது என்று யாரும் முதலிலேயே பேசி வைக்கவில்லை. இப்போது அது சாக்கு போர்த்திக்கொண்டு வராண்டாவில் நிற்கிறது. கொடுத்தவர்கள் மனசு நல்ல மனசுதான். கொட்டில்தான் இல்லை.

அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று சமூக அறிவியல் டீச்சர் சொன்னாங்க. காமராசர் முதலமைச்சராக இருந்தது 1954 முதல் 1963 வரை. அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். அதைப் பார்த்து ஊர் மக்கள் பெஞ்சு, கரும்பலகை, நிலம், கட்டடம் என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். பட்டியல் முதலில், தானம் பிறகு. இந்த வரிசைதான் முக்கியம்.

இந்தக் காலத்திலும் நல்ல உதாரணம் இருக்கிறது. மதுரை பக்கம் கொடிக்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்குவதற்கு இடம் தேவைப்பட்டது. 2024 ஜனவரியில் ஆயி பூரணம் அம்மாள் தன்னுடைய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடுத்தார். கோடிக்கணக்கில் விலை போகும் நிலம் அது. அவர் பெரிய முதலாளி இல்லை, வங்கியில் வேலை பார்ப்பவர். இறந்துபோன தன் மகளின் நினைவாகக் கொடுத்தார். அந்த வருஷக் குடியரசு தினத்தில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கு எது இல்லையோ அதையே கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இப்போது கொடுப்பதற்கு வழிகளும் நிறைய இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பல கம்பெனிகள் அதை அறக்கட்டளை மூலமாகச் செய்கின்றன. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசும் "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" என்ற திட்டத்தைத் தொடங்கியது. கொடுக்க ஆள் இருக்கிறார்கள். சரியாகக் கேட்கத்தான் நமக்குத் தெரிய வேண்டும்.

யார் கேட்பது? அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது அவர்கள் வேலை. நம் அம்மாக்கள் போய் உட்காருகிற குழு அது. டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கு மட்டும் இல்லை.

கழிப்பறையை ஏன் முதலில் சொல்கிறேன்? ஸ்மார்ட் போர்டு இல்லாவிட்டாலும் டீச்சர் பாடம் நடத்துவாங்க. தண்ணீர் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வது? அடிபம்பில் அடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைத் தாண்டிப் போக வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே பாதிப் பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. மாதத்தில் சில நாள் சில பேர் ஏன் லீவு என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே டீச்சர்களுக்குத் தெரியும். பள்ளிக்கு வராத பெண்ணுக்கு ஸ்மார்ட் போர்டில் என்ன தெரியும்?

"குழாயைப் போட்டோ எடுத்துப் போட முடியுமா? அறக்கட்டளைக்காரங்க பளிச்சென்று தெரிகிற வேலைக்குத்தான் கொடுப்பாங்க" என்று ஒரு அண்ணன் சொன்னார். இருக்கலாம். ஆனால் நாம் கேட்காமலே அவர்கள் கொடுக்க மாட்டார்கள் என்று எப்படி முடிவு செய்வது? தொட்டி மேல் அவர்கள் பெயரைப் பெரிசாக எழுதட்டும், ஊரே பார்க்கும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அதனால் என் வேண்டுகோள் நான்கு:

1. விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஆறாம் வகுப்பு முதல் எல்லா வகுப்பிலும் ஒரு பெட்டி வைத்து, என்ன தேவை என்று சீட்டு எழுதிப் போடச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம். அப்போதுதான் பெண் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள்.

2. எது கேட்டாலும் அடுத்த மூன்று வருஷத்துக்கு ரிப்பேர் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். புது மெஷின் கேட்பதற்கு முன் பழைய மெஷினுக்கு ஃபில்டர் கேட்க வேண்டும்.

3. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். கொடுத்தவருக்கும் நம்பிக்கை வரும், அடுத்த முறையும் கொடுப்பார்.

4. விழாவைச் சுருக்கமாக வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை வெயிலில் உட்கார வைக்கக் கூடாது.

கேட்பது மட்டும் நம் வேலை இல்லை. குழாய் வந்தால் திறந்துபோட்டுவிட்டு ஓடக் கூடாது. சுவரில் கிறுக்கக் கூடாது. கொட்டிலைக் கூட்டிப் பெருக்க வேண்டியது நாம்தான்.

மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குள் தலைமையாசிரியர் அவர்கள் அந்தப் பெட்டியை வைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் சீட்டு என்னுடையதாக இருக்கும். இரண்டாவது சீட்டு உங்களுடையதாக இருக்கட்டும். ஸ்மார்ட் போர்டுதான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு அடுத்த இதழில் எழுதுங்கள், படிக்கிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி